சிவகௌரி உயர்த்திய நிலம்

சிவகௌரி கட்டுகிற எந்த அறையிலும் நிலம் கொஞ்சம் உயரமாகத்தான் இருக்கும். வீட்டுக்காரர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், அத்திவாரத்துக்கு மேலே ஒரு வரிசைக் கல் கூட வைத்துத்தான் மண் நிரப்புவாள். அச்சுவேலிப் பக்கத்து மேசன்மார் அதைப் பகிடியாகச் சொல்வார்கள்.

"சிவகௌரி கட்டின வீட்டுக்குள்ளை போறதெண்டால் ஏணி கொண்டு போகவேணும்."

அவள் காதுக்கும் அது வந்திருக்கிறது. கேட்டுச் சிரித்துவிட்டு அடுத்த வீட்டிலும் அப்படியே செய்வாள்.

அவளுக்கு இப்போது நாற்பத்தைந்து வயது. கொந்தராத்து எடுத்து வீடு கட்டவேண்டும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. சண்டை முடிந்து இரண்டு பெண்பிள்ளைகளோடு ஊருக்குத் திரும்பி வந்தாள். கணவன் வரவில்லை. வீட்டுத்திட்டத்தில் பெயர் வந்தது. ஆனால் கொடுத்த காசுக்கு வேலை செய்ய எந்த மேசனும் வரவில்லை. மணல் அள்ளிக் கொடுக்கப் போன இடங்களில் பார்த்ததை வைத்துக்கொண்டு தானே கல் வைத்தாள். முதல் வைத்த சுவர் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. அதை இடித்துவிட்டு மறுபடி கட்டினாள். இரண்டாவது சுவர் நேராக வந்தது. அதைப் பார்த்து அடுத்த காணிக்காரி கூப்பிட்டாள், பிறகு அவளுடைய தங்கை கூப்பிட்டாள். அப்படித்தான் தொழில் தொடங்கியது. ஒருகாலத்தில் சீமெந்துக் கலவை தண்ணியாகப் போய்விட்டது என்று அவளை எல்லோருக்கும் முன்னால் ஏசிய செபமாலை மேசன் இன்று அவளிடம்தான் வேலை செய்கிறார். அவரோடு இன்னும் மூன்று பேர்.

நிலத்தை உயர்த்துகிற பழக்கம் முகாமிலிருந்து வந்தது. அங்கே ஒரு பின்னேரம் மழை கொட்டி, தறப்பாள் கூடாரங்களுக்குள் வெள்ளம் ஏறியது. சிவகௌரி ஒரு பிள்ளையைத் தோளிலும் மற்றதை இடுப்பிலும் வைத்துக்கொண்டு நின்றாள். காய்ச்சலில் கிடந்த தாயைத் தூக்க அவளுக்கு மூன்றாவது கை இல்லை. தாய் தண்ணீருக்குள்ளேயே கிடந்தார். அடுத்த கிழமை அவர் போய்விட்டார். இதை அவள் வேலை செய்யப் போன வீடுகளில் யாருக்கும் சொன்னதில்லை.

நீர்வேலியின் கிழக்கே வயலை ஒட்டி ஒரு தாழ்ந்த காணியில் இராசநாயகத்தின் வீடு இருந்தது. பின்னால் வாழைத்தோட்டம். அவருடைய மனைவி குணலட்சுமிக்குப் பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. மெல்ல மெல்லக் கால் திரும்பியது, பேச்சும் கொஞ்சம் திரும்பியது. ஆனால் மலசலகூடம் முற்றத்துக்கு அப்பால், கிணற்றடி தாண்டி இருந்தது. அவவைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு தூரம் நடத்திக் கொண்டுபோய் வர இராசநாயகத்தால் முடியவில்லை. அதனால் வீட்டின் கூடமான ஹோலை ஒட்டி ஓர் அறை, அறைக்குள்ளேயே குளியலறையும் மலசலகூடமும். அந்த வேலையைத்தான் சிவகௌரியிடம் கொடுத்தார்.

"ஹோலும் அறையும் ஒரே மட்டமாய் இருக்கவேணும், பிள்ளை. அவவுக்குக் கால் தூக்க ஏலாது" என்று முதல் நாளே சொன்னார்.

"ஓம் அண்ணை" என்றாள் சிவகௌரி.

அத்திவாரம் போட்டு முடிந்ததும் அவர் மனைவியைக் கூட்டிக்கொண்டு கொழும்பிலுள்ள மகள் வீட்டுக்குப் போனார். அங்கே வைத்தியம் பார்க்க ஒழுங்காகியிருந்தது. வீட்டில் ஆள் இல்லாத அந்த நாட்களில் சிவகௌரி ஹோல் சுவரைப் பார்த்தாள். கணுக்கால் உயரத்தில் மண்ணிறக் கறை ஒரு கோடாக ஓடியது. போன மாரி வெள்ளம் நின்ற அடையாளம். அவள் கொஞ்ச நேரம் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"செபமாலை அண்ணை, இன்னொரு வரிக் கல் வையுங்கோ" என்றாள்.

"அவர் ஒரே மட்டமெல்லோ கேட்டவர், தங்கச்சி?"

"அவர் வந்து பாக்கட்டும். நான் சொல்லி விளங்கப்படுத்துறன்."

அவர்கள் திரும்பி வந்தபோது அறை அநேகமாக முடிந்திருந்தது. குளியலறைக்கு ரைல்ஸும் பதித்தாகிவிட்டது. ஹோலிலிருந்து அறைக்கு ஏற ஒரு படி. இராசநாயகம் அந்தப் படியைப் பார்த்தார். வாழைக்கு நீர் இறைத்துப் பழகிய, அதிர்ந்து பேசாத மனிதர். அன்றைக்கு அவருடைய குரல் ஒழுங்கை வரைக்கும் கேட்டது.

"இதென்ன பிள்ளை செய்து வைச்சிருக்கிறாய்? நான் என்ன சொன்னனான்?"

"அண்ணை, இந்தக் காணிக்கு வெள்ளம் வரும். ஹோலுக்கை தண்ணி வந்தாலும் அக்கா இந்த அறைக்குள்ளை ஈரம் படாமல் இருப்பா."

"வெள்ளம் வருசத்திலை ரெண்டு நாள் வரும். இவ கக்கூசுக்குப் போறது ஒவ்வொரு நாளும். விளங்குதோ? உந்த நிலத்தை உடை."

"உடைக்கமாட்டன். வெள்ளம் வரேக்கை என்னைத்தான் நினைப்பியள்."

"இப்பவே உன்னைத்தான் நினைக்கிறன்!"

அன்றைக்கே அவர் வேலையை நிற்பாட்டினார். சிவகௌரி சாமான்களை ஏற்றிக்கொண்டு போனாள். இரண்டு பேரும் விடவில்லை. அவர் மத்தியஸ்த சபைக்கு எழுதிப் போட்டார். சிவகௌரிக்கு அழைப்பு வந்தது. செபமாலை அவளுக்குப் புத்தி சொல்லிப் பார்த்தார்.

"தங்கச்சி, அந்த மனிசன் சொல்லுறதிலையும் நியாயம் இருக்கு. ஒத்துப் போவமே."

"அண்ணை, நான் கட்டினது பிழையெண்டால் நானே உடைப்பன். இது பிழையில்லை."

ஒரு சனிக்கிழமை காலை, பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் சபை கூடியது. மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை இரண்டு பக்கத்தையும் கேட்டார். இராசநாயகம் மனைவியின் காலைப் பற்றிச் சொன்னார். சிவகௌரி சுவரிலிருந்த கறையைப் பற்றிச் சொன்னாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவேயில்லை. கடைசியில் ஆசிரியை சொன்னார்:

"படியை எடுத்திட்டுச் சரிவாய் ஒரு பாதை போட்டுப் பாருங்கோவன். நிலமும் உயரமாய் இருக்கும், அவவும் நடக்கலாம். ரெண்டு பேருக்கும் சரிதானே?"

சரி என்று கையெழுத்து வைத்தார்கள்.

சிவகௌரி தானே வந்து அந்தச் சரிவைப் போட்டாள். ஹோல் சின்னது, நீளமாக இழுக்க இடம் இல்லை. அதனால் சரிவு நினைத்ததைவிடச் செங்குத்தாக வந்தது. காயவிட்டு, கையால் பிடித்துக்கொள்ளச் சுவரில் இரும்புக் குழாயும் பூட்டினாள். பிறகு குணலட்சுமியைக் கூப்பிட்டார்கள்.

மெலிந்த, உயரமான பெண். இடது கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு இடது காலை வைத்தா. வலது காலை இழுத்தா. அது சரிவில் நிற்காமல் பின்னுக்கு வழுகியது. சிவகௌரி பாய்ந்து தாங்கினாள். இருவரும் சுவரோடு சாய்ந்தார்கள்.

"போதும், நீ இரு. நான் தூக்கி விடுறன்" என்று இராசநாயகம் ஓடி வந்தார்.

குணலட்சுமி கையை நீட்டி அவரைத் தடுத்தா. மறுபடி ஏறினா. மறுபடி வழுகினா. மூன்றாவது முறை, வியர்வை கழுத்தில் ஓட, பாதி வரை போய் நின்றா. முன்னுக்கும் போக முடியவில்லை, பின்னுக்கும் வர முடியவில்லை. சிவகௌரி இடுப்பைப் பிடித்து இறக்கிக் கதிரையில் இருத்தினாள்.

குணலட்சுமி மூச்சு வாங்கி முடித்துச் சிவகௌரியைப் பார்த்தா. சொற்கள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன.

"நீ... என்னட்டை... கேக்கேல்லை."

உண்மைதான். சிவகௌரி வெள்ளத்தைப் பற்றி இராசநாயகத்தோடு சண்டை பிடித்தாள், செபமாலையோடு கதைத்தாள், சபையில் மூன்று பேருக்குச் சொன்னாள். அந்த அறையில் நடக்கப் போகிற குணலட்சுமியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தினாள். என்ன சொல்வதென்று யோசிக்காமலேயே சொன்னாள்:

"என்ரை அம்மா தண்ணிக்குள்ளை கிடந்தவ, அக்கா. முகாமிலை. தூக்க ஆக்கள் இல்லை."

குணலட்சுமி அவளுடைய தலையில் இடது கையை வைத்தா. பிறகு கையை எடுத்து, தன் நெஞ்சைத் தொட்டா.

"நான்... கிடக்கமாட்டன்."

சிவகௌரி எழும்பினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். செபமாலை வேலிக்கரையில் வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றார்.

"அண்ணை, நாளைக்கு ஆக்களைக் கூட்டி வாங்கோ. அலவாங்கும் கொண்டு வாங்கோ. நிலத்தை உடைக்கப் போறம்."

"சரிவை மட்டுமோ?"

"முழுக்க. குளியலறையும்."

"பதிச்ச ரைல்ஸ் எல்லாம் போகுமே, தங்கச்சி!"

"போகட்டும். அது என்ரை பிழை, நான் பாக்கிறன்."

அடுத்த நாள் முதல் அடியை அவளே போட்டாள். தன் கையால் கட்டியதை உடைப்பது இலேசாக இருக்கவில்லை. ரைல்ஸ் தெறித்த ஒவ்வொரு முறையும் செபமாலை முகத்தைச் சுளித்தார், அவள் நிமிரவில்லை. மத்தியானம் இராசநாயகம் தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தார். அடுத்த நாள் சீமெந்துப் பைகள் வந்து இறங்கின, அவர் எடுப்பித்தவை. சிவகௌரி வேண்டாம் என்று மறுக்கப் போனாள். அவர் கையை ஆட்டிவிட்டுத் தோட்டத்துக்குள் போய்விட்டார்.

ஹோலும் அறையும் குளியலறையும் ஒரே மட்டமாக முடிந்தன. குணலட்சுமி முதல் நாள் இரும்புக் குழாயைப் பிடித்துக்கொண்டு ஹோலிலிருந்து மலசலகூடம் வரை தனியாகப் போய்க் கதவைச் சாத்தினா. உள்ளிருந்து தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. இராசநாயகம் வாசலில் நின்று முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டார்.

ஆனால் சிவகௌரி வெள்ளத்தை விடவில்லை. நிலத்தை உயர்த்த முடியாதென்றால் தண்ணீரைத்தான் வேறு வழியால் அனுப்பவேண்டும். அறையைச் சுற்றி மூன்று பக்கமும் வாய்க்கால் வெட்டினாள். இருபக்கமும் கல் வைத்துப் பூசி, வாழைத்தோட்டத்தின் தாழ்ந்த மூலைக்குக் கொண்டுபோய் விட்டாள். தோட்டத்துக்குள் வாய்க்கால் போகிற இடத்தில் நின்ற வாழைகளை வெட்டவேண்டி வந்தபோது இராசநாயகம் மறுபடி குரலை உயர்த்தினார்.

"குலை தள்ளின மரம், பிள்ளை!"

"குலை முத்தட்டும் அண்ணை, அதுவரைக்கும் சுத்திக் கொண்டு போறன். அதுக்குப் பிறகு வெட்டத்தான் வேணும்."

அதையும் அவர் ஒத்துக்கொண்டார்.

கார்த்திகையில் மழை பிடித்தது. இரண்டாம் நாள் சிவகௌரியால் வீட்டில் இருக்க முடியவில்லை. மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் நீர்வேலிக்கு வந்தாள். வீதியெல்லாம் தண்ணீர். வயலும் முற்றமும் ஒன்றாகிவிட்டிருந்தன. வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் பின் மூலையில் வாழைச் சருகு அடைத்து, அந்தப் பக்கத்தால் தண்ணீர் சுவருக்கு ஏறியது. அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். இராசநாயகமும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். இருவரும் முழங்கால் தண்ணீரில் நின்று சருகை வாரி எறிந்தார்கள். தண்ணீர் சத்தத்தோடு இழுபட்டுப் போனது.

உள்ளே போய்ப் பார்த்தபோது ஹோலில் கொஞ்சம் ஏறியிருந்தது. அறையிலும் வாசல் பக்கம் நனைந்திருந்தது. போன வருசத்தைப் போல இல்லை. முழுதாகத் தப்பவும் இல்லை. குணலட்சுமி ஒரு தோளைச் சுவரில் சாய்த்துக்கொண்டு, இடது கையில் தும்புத்தடியைப் பிடித்துத் தண்ணீரை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு நின்றா.

"இருங்கோ அக்கா, நான் தள்ளுறன்."

"அங்கை... இன்னொண்டு... கிடக்கு" என்று குணலட்சுமி மூலையைக் காட்டினா. அங்கே இன்னொரு தும்புத்தடி சாத்தியிருந்தது. சிவகௌரி அதை எடுத்துக்கொண்டு மறுபக்கத்திலிருந்து தள்ளத் தொடங்கினாள்.

தை மாதம் சுன்னாகத்திலிருந்து ஒருவன் அவளைத் தேடி வந்தான். இராசநாயகத்தின் மருமகன் முறையானவன். வீட்டோடு சேர்த்துக் குசினி ஒன்று கட்டவேண்டுமாம்.

"மாமாதான் உங்களைச் சொன்னவர்" என்றான்.

"என்ன சொன்னவர்?"

அவன் கொஞ்சம் தயங்கினான். "சொல்வழி கேளாத மனிசி எண்டு சொன்னவர். எண்டாலும் வேலையை உங்களிட்டைத்தான் குடுக்கச் சொன்னவர்."

சிவகௌரி சிரித்தாள்.

"திங்கக்கிழமை காலமை வாறன், தம்பி. சமைக்கிற ஆள் வீட்டிலை நிக்கவேணும்."