மூன்று முறை நின்ற கார்: நெய்வேலியிலிருந்து புதுச்சேரிக்கு

நெய்வேலியிலிருந்து புதுச்சேரி ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். கடலூரில் மாறினால் பேருந்திலேயே போய்விடலாம். அன்று நாங்கள் காரில் கிளம்பினோம்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு ஜூன் மாதம். செய்தி சேகரிக்க வந்தவன், நகரியத்தில் நண்பர் ஆரோக்கியசாமியின் குவார்ட்டர்ஸில் தங்கியிருந்தேன். நிலக்கரிச் சுரங்கத்தில் நீரிறைக்கும் பம்ப் பிரிவில் அவர் பெர்மனென்ட் தொழிலாளி. மகள் ஜெனிட்டா நர்சிங் முடித்தவள். புதுச்சேரி மருத்துவமனை ஒன்றில் பதினொரு மணிக்கு அவளுக்கு நேர்காணல். தாமதமாக வந்தால் பார்க்க மாட்டார்களாம். வேலை கிடைத்தால் ஷிப்ட் மாற்றிக்கொண்டு தினமும் தானே கொண்டுபோய் விடுவதாகச் சொல்லி, பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கியிருந்தார் ஆரோக்கியசாமி.

ஏழரைக்குப் புறப்பட்டோம். வடலூர் தாண்டியதும் இன்ஜின் இருமி, இழுவை குறைந்து, நின்றது. தீப்பொறி சரியாக இருந்தது. கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றிவிட்டு ஜெனிட்டாவை ஸ்டார்ட் போடச் சொன்னோம். பீய்ச்ச வேண்டிய பெட்ரோல் சொட்டியது.

"பில்டர்ல தூசு" என்று அதைக் கழற்றி ஊதி மாட்டினார் ஆரோக்கியசாமி. கால் மணி நேரத்தில் வண்டி கிளம்பியது.

"இருவது வருஷமா பம்போட குடும்பம் நடத்திக்கினு இருக்கன் நிருபரே!"

"வூட்டுக்குப் போயி அம்மாகிட்ட சொல்றம்பா" என்றாள் ஜெனிட்டா பின்னாலிருந்து.

குறிஞ்சிப்பாடி தாண்டி மறுபடி நின்றது. இந்தமுறை, டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் பம்ப் சூடாகிவிட்டதென்று அதன்மேல் ஈரத்துணி போட்டார். மணி ஒன்பதாகியிருந்தது. தூரத்தில் கடலூர் பேருந்து தெரிந்தது.

"நான் இதுல போறம்பா."

"தனியாவா? கடலூர்ல மாறணும்மா."

"கடலூர் என்னா துபாயாப்பா?"

கை காட்டி நிறுத்தி ஏறிவிட்டாள். தூசு படாமலிருக்க அப்பா மூன்று உறை போட்டுக் கட்டிய சான்றிதழ்களை நெஞ்சோடு அணைத்திருந்தாள். அவர் பேருந்து மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

வண்டி கிளம்பி, நாலைந்து கிலோமீட்டரில் மூன்றாம் முறையாக நின்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பில்டரை ஊதினோம், துணி போட்டோம். இரண்டு தடவையும் பொதுவாக இருந்தது நாங்கள் காத்திருந்தது மட்டுமே. ஓய்வு கொடுத்ததில் கிளம்பியதை நாங்கள் கைவைத்தியத்தின் பலன் என்று நம்பிவிட்டோம். டேங்கையாவது பார்ப்போம் என்று பின்னால் போனேன்.

மூடியின்மேல் பிளாஸ்டிக் தாள், அதைச் சுற்றி சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிய வளையம். நகரியத்தில் சாம்பலும் கரித்தூளும் படியாத இடமில்லை. டிவி, ஸ்கூட்டர் சீட் எல்லாவற்றுக்கும் உறை போட்டுப் பழகியவர்கள் அங்குள்ளவர்கள்.

"போன வாரம் நாந்தான் கட்டுனன்" என்றார்.

அவிழ்த்து மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று டேங்க் காற்றை உள்ளே இழுத்தது.

பம்ப்காரருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. "பெட்ரோல் எறங்க எறங்க அந்த எடத்துக்கு காத்து வரணும். அதுக்குன்னு மூடியில இருக்கற ஓட்டைய நானே அடச்சிட்டன். நின்னா மெல்ல காத்து கசிஞ்சி உள்ள போவும், அதான் கெளம்புச்சி. பம்பு பாவம், எதைப் போயி இழுக்கும்?"

அதன்பிறகு வண்டி எங்கும் நிற்கவில்லை. ஆனாலும் மருத்துவமனை வாசலை அடைந்தபோது பதினொன்று அடித்துப் பத்து நிமிடம். ஜெனிட்டா உள்ளே போயிருந்தாள்.

பழைய பெட்ரோல் காரில் போகிறவர்களுக்கு: ஓடி நின்று, சற்றுப் பொறுத்தால் தானே கிளம்புகிற வண்டியென்றால், எதையும் கழற்றுவதற்கு முன் டேங்க் மூடியைத் திறந்து காது கொடுங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. காற்று உள்ளே பாய்ந்தால் மூடியின் துளையைச் சுத்தம் செய்யுங்கள். அவசர வேலைக்குப் பேருந்தே மேல்.

பன்னிரண்டரைக்கு ஜெனிட்டா வெளியே வந்தாள். "எடுத்துக்கிட்டாங்கப்பா! ஹாஸ்டலும் தராங்க." சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். "வண்டிக்கு என்னாச்சு?"

"ரொம்ப இறுக்கிக் கட்டிட்டம்மா" என்றார். திரும்பும் வழியில் கடலூரைத் தாண்டினோம். பிறகு சாலையைப் பார்த்தபடியே கேட்டார்: "அந்த ஹாஸ்டல் ரூமுல காத்து நல்லா வருமா?"