சபை முற்றத்தில் நாங்கள் பார்க்காதது

மீராலெவ்வை ஹாஜியார் மௌத்தான செய்தி பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வந்தபோது நான் சலூனில் முகம் மழிக்க உட்கார்ந்திருந்தேன். "முன்னாள் தவிசாளர்" என்று அறிவித்தார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்தவர் கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார்: "ஆரு, ஜெனரேட்டர் ஹாஜியா?" முடிவெட்டுபவர் "ஓம்" என்றார். அதற்குப் பிறகுதான் இருவரும் இன்னா லில்லாஹி சொன்னார்கள்.

அவரை அறிந்த உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். எனக்கும் அவருக்கும் நல்லுறவு இருந்ததென்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். எங்கள் பிரதேச சபையின் தலைமை ஆசனத்தில் அவர் தவிசாளராக இருந்தபோது நான் உறுப்பினர். படித்தவன் ஒருவன் வேண்டுமென்று கட்சி என்னைப் பட்டியலில் சேர்த்தது. பதவிகள் பங்கிடப்பட்டபோது மறந்துவிட்டது. ஹாஜியாரோ என் வீட்டு மதில் வீதிக்குள் வந்திருக்கிறதென்று கட்டட அனுமதியை நிறுத்தினார். இடித்துத்தான் கட்டினேன். அவரை அடக்கிவிட்டு வீடு திரும்பியபோதும் அந்த மதிலைக் கண்டதும் எரிச்சல் வந்தது. அப்படிப்பட்டவன் எழுதும் அஞ்சலி இது.

அரசியலுக்கு வருமுன் அவர் வட்டவிதானையாக இருந்தவர். வயல்களுக்கு வாய்க்கால் தண்ணீரை எல்லோர் முன்னிலையிலும் பங்கிட்டுக் கொடுக்கும் வேலை. சபைக்கு வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. கூட்டம் நடக்கும்போது ஒரு ஒலிபெருக்கியை வெளியே வாசல் பக்கம் திருப்பி வைப்பார். உள்ளே நாங்கள் போடும் சண்டை முழுவதும் சந்தைக்குக் கேட்கும். "என்ன ஹாஜியார், வீட்டுக் கதைய ரோட்டுக்கு விடுறீங்க?" என்று ஒருமுறை கத்தினேன். அவர் சிரிக்கவில்லை. "ரோட்டால போற ஆக்கள்ட கதையத்தானே நாம உள்ள இரிந்து கதைக்கிறம்" என்றார். மறுநாள் மீன் வாங்கப் போன இடத்தில், நான் கத்தியதை மீன்காரர் எனக்கே நடித்துக் காட்டினார்.

எங்கள் ஊரின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஊரின் தென்பகுதிக்குப் பாதிக் காலம், வடபகுதிக்கு மீதிக் காலம் என்று தவிசாளர் பதவியைப் பள்ளிவாசல் தலைவர் முன்னிலையில் பேசிக்கொள்வோம். பிறகு முதலில் இருந்தவர் எழும்ப மாட்டார். ஹாஜியார் சொன்ன நாளில் எழுந்தார். அடுத்து வந்தவர் காசிம். ஹாஜியாரின் மகளைக் கட்டியவர் அவருடைய மகன்தான். ஆக, சம்பந்திகள் இருவர் கைமாற்றிக்கொண்ட சபை அது.

அந்த நாளை நான் மறக்கவில்லை. மண்டபத்தில் புரியாணி நிரம்பிய சகன் தட்டுகள் வந்து இறங்கியிருந்தன. ஹாஜியார் காசிமின் கையைப் பிடித்தார்.

"வாங்க சம்பந்தி, முதல்ல முற்றத்துக்குப் போவம். ரோலர், தண்ணி பவுசர், ஜெனரேட்டர் எல்லாத்தையும் ஆக்களுக்கு முன்னால தொட்டுப் பாத்து எடுங்க."

காசிம் கையை விடுவித்துக்கொண்டார். "என்ன வெக்கப்படுத்துறீங்களா? பொண்ணெடுத்த ஊட்டுல போய் சாமான் எண்ணினானாம் எண்டு ஊர் சிரிக்கும்."

"எண்ணாட்டித்தான் சிரிக்கும். தண்ணி மாத்துறண்டா ரெண்டு பேரும் வாய்க்கால் கட்டுல நிக்கணும். ஒருத்தன் மட்டும் நிண்டா அதுக்குப் பேர் களவு."

"அல்லாஹ்வே, இந்த வெயிலுக்குள்ளயா? புரியாணி ஆறுது ஹாஜியார்!" என்றார் உறுப்பினர் ஒருவர். எல்லோரும் சிரித்தோம். சகனைச் சுற்றி உட்கார்ந்தோம். ஹாஜியார் மட்டும் முற்றத்தில் சற்று நேரம் தனியாக நின்றுவிட்டு உள்ளே வந்தார். பொறுப்பேற்றதாகக் காசிம் கையொப்பமிட்டார். கை கழுவாத விரலின் எண்ணெய் தாளில் படிந்ததுகூட எனக்கு நினைவிருக்கிறது. முற்றத்தில் என்ன நின்றது என்பது நினைவில்லை. பார்த்தால்தானே.

அந்த மாரியில் வெள்ளம் வந்து மின்சாரம் போனது. பாடசாலையில் தங்கியிருந்த குடும்பங்களுக்கு விளக்குப் போட ஜெனரேட்டரைத் தேடினார்கள். இல்லை. எப்போது போனது, யார் கொண்டுபோனார் என்று எவருக்கும் தெரியவில்லை. ஒப்பம் வைத்தீர்களே என்று காசிமிடம் கேட்டபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சம்பந்திய நம்பி வெச்சன்" என்றார். அந்த ஒரு வசனம் போதுமாக இருந்தது. வேறெந்தக் குற்றச்சாட்டையும் அவர் கடைசிவரை வாயால் சொல்லவில்லை. மிச்சத்தை ஊர் சொன்னது.

பிறகு கரண்ட் போகும் நேரமெல்லாம் சந்தையில் ஹாஜியாரைக் கூப்பிட்டார்கள். "ஹாஜியார், இருட்டாக் கிடக்கு, கொஞ்சம் ஸ்டார்ட் பண்ணுங்களன்!" அவர் நின்று பதில் சொல்வார். "பாத்த ஆள் ஒருத்தரக் கூட்டிட்டு வாங்க, கதைப்பம்." பார்த்த ஆள் எங்கே இருந்தார்? பகிரங்கமாக விசாரியுங்கள் என்று சபைக்கு வந்து அவர் கேட்டார். "குடும்ப விசயத்த இஞ்ச கொண்டு வராதீங்க" என்று தலைமை ஆசனத்திலிருந்து காசிம் சொன்னார். அன்று ஒலிபெருக்கி வாசல் பக்கம் திரும்பியிருக்கவில்லை. அதன்பின் ஹாஜியார் பெரிய பள்ளிக்கு வருவதை விட்டுவிட்டார். கடற்கரையோரத்துச் சின்னத் தக்கியாவில் மீனவர்களோடு தொழுதார்.

ஆனால் அடக்குவதற்கு முன் அவருடைய மையித்தைப் பெரிய பள்ளிக்குத்தான் கொண்டுவந்தார்கள். தொழுகைக்கு முன் அவருடைய மகன் எழுந்து, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்: "எங்கட வாப்பா ஆருக்கும் குடுக்க வேண்டி இரிந்தா என்னட்டச் சொல்லுங்க, நான் பொறுப்பு." இமாம் தக்பீருக்குக் கையை உயர்த்தப் போனார். மகன் அவரைத் தடுத்தார். "இன்னொண்டு இரிக்கி. ஊர்ட சாமான் வாப்பாக்கிட்ட இரிந்திச்செண்டு ஆராவது நினைச்சா, இப்பயே சொல்லுங்க. இல்லெண்டு தெரிஞ்ச ஆள் இரிந்தா, அவரும் சொல்லட்டும். வாப்பா இஞ்சதான் இரிக்கார்."

பள்ளி நிறைந்த கூட்டம். சந்தையில் வாய் ஓயாதவர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். முன்வரிசையில் காசிம் தொப்பியைச் சரிசெய்தார். ஹாஜியார் எடுத்தார் என்று சொல்ல ஆளில்லை. அன்று எல்லாம் முற்றத்தில் நின்றது என்று சொல்லவும் ஆளில்லை. "நான் பார்த்தேன்" என்ற இரண்டே சொற்களுக்காக என் வாய் தவித்தது. மையித்துக்கு முன்னால் பொய் சொல்ல முடியாது. மண்டபத்துக்கும் முற்றத்துக்கும் இடையில் என்ன தூரம்? கூப்பிட்டால் கேட்கும் தூரம். கூப்பிட்டும் இருந்தார்.

மகன் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு இமாமைப் பார்த்துத் தலையசைத்தார்.

அடக்கம் முடிந்து வரும்போது மையவாடி வாசலில் காசிம் என் முழங்கையைப் பிடித்தார். "அடுத்த மாசம் சபை மத்தக் கட்சிக்கு மாறுது. நீங்க கட்டாயம் வரணும் மச்சான். எல்லாத்தையும் ஆக்களுக்கு முன்னால காட்டித்தான் குடுக்கணும். இல்லாட்டி மறுகா என்னப் பத்தியும் கதைப்பானுகள்." அவர் குரலில் வெட்கம் இருக்கவில்லை, பயம்தான் இருந்தது. அந்த முகத்தைப் பார்க்க எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

ஹாஜியாரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது என்ன? அவருடைய நேர்மை என்று எழுதினால் அழகாக இருக்கும். அதற்குச் சத்தியம் செய்ய எனக்குத் தகுதியில்லை. அவரைக் குற்றவாளி என்று சொல்லவும் தகுதியில்லை. இத்தனை காலம் ஒரே சபையில் இருந்துவிட்டு "தெரியாது" என்று கையை விரிக்கும் வெட்கம் மட்டுமே என்னிடம் இருக்கிறது. அதோடுதான் அடுத்த மாதம் போவேன். ஒவ்வொரு சாமானையும் தொட்டுப் பார்ப்பேன். காசிமை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை. ஆனால் ஒருநாள் அவருடைய மகனும் பள்ளியில் எழுந்து நின்று இதே கேள்வியைக் கேட்டால், பார்த்த ஒருவன் அந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டும்.