சீப்பு அத்தான் வாரிக் கட்டிய இரண்டு கேபிள்கள்

என் அக்காவின் கணவரை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. 'சீப்பு' என்றே அழைப்பார்கள். அவர் வயரிங் வேலை செய்பவர். கேபிள்களைக் கொத்தாகக் கட்டுமுன் சட்டைப் பையிலிருந்து அகலப் பல் சீப்பு ஒன்றை எடுத்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறாதபடி வாரிவிடுவார். அவர் தலையோ வழுக்கை. "தலையில வார ஒண்ணுமில்ல, மனுஷன் சுவத்துக்கு வாரிக்கிட்டு இருக்காரு" என்று எங்கள் ரத்த வங்கியின் பரிசோதனைக்கூட அண்ணன் கிண்டல் செய்வார். அத்தானும் சேர்ந்தே சிரிப்பார்.

அக்காவுக்குத்தான் சிரிப்பு வராது. "கல்யாணமான மறுநாளே என் சடையைப் பாத்து, மூணு காலும் ஒரே தடிமனா இல்லன்னு சொன்ன ஆளுடி" என்பாள். அவள் வீட்டு மிக்சியின் வயரைக்கூட நூல் போட்டுக் கட்டி வைத்திருப்பார். அவசரத்துக்கு அது அவிழாது.

ரத்த வங்கியின் சர்வரைப் பராமரிப்பவள் நான். பதிவேடுகளைத் தட்டச்சு செய்யும் வேலைக்குச் சேர்ந்து, பழுதுபார்க்க வந்தவர்கள் விட்டுச்சென்ற கையேடுகளைப் படித்தே பதினோரு ஆண்டுகளில் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். எந்தப் பை எந்தக் குளிர்பெட்டியில் இருக்கிறது, எந்த வகை, எப்போது காலாவதி என்பதெல்லாம் அந்தச் சர்வருக்குத்தான் தெரியும். எதிர்க்கட்டிடத்து அறுவை அரங்கிலிருந்து கேட்டால் அது உடனே பதில் சொல்ல வேண்டும். ஒரு கேபிள் அறுந்த காரணத்தால் அந்தப் பதில் நின்றுவிடக் கூடாது என்பதற்காகவே மாற்று இணைப்பு வேண்டும் என்று மூன்று முறை எழுதிக் கேட்டு, நான்காம் முறை அனுமதி பெற்றேன்.

சர்வரின் பின்புறம் இரண்டு இணைப்புகள். நீலக் கேபிள் மாடிப்படிச் சுவருக்குள் பதித்து நீள மூடி போட்ட குழாய் வழியாகச் சென்றது. மஞ்சள் கேபிள் கட்டிடத்தின் பின்சுவர் வழியாகச் சென்று வேறொரு நெட்வொர்க் சுவிட்சில் முடிந்தது. நீலம் ஓய்ந்தால் ஒரு நொடிக்குள் மஞ்சள் பொறுப்பேற்கும்படி சர்வரில் அமைத்தேன். கேபிள்களை இழுத்துக் கொடுத்தவர் ஒப்பந்த வயர்மேனாக இருந்த அத்தான்.

சோதனையன்று நான் திரையைப் பார்த்திருக்க, அவர் நீலத்தைப் பிடுங்கினார். சர்வர் நொடிக்கொரு முறை அனுப்பும் பதில்கள் வரிவரியாக ஓடிக்கொண்டிருந்தன, அவற்றில் ஒன்றே ஒன்று தவறியது. அடுத்தது வந்துவிட்டது.

"அட, ஒண்ணு படுத்தா இன்னொண்ணு எந்திரிக்குதே! நான் படுத்தா உங்கக்கா எந்திரிப்பாளா பாப்பா?"

"அவ எந்திரிச்சுப் பல வருஷமாச்சு அத்தான். நீங்கதான் கவனிக்கல."

வழிகளின் வரைபடம், நேரம், அளவீடு, என் கையொப்பம், அத்தான் கையொப்பம் என ஏழு பக்க அறிக்கை அளித்தேன். நிர்வாக அதிகாரி புரட்டிப் பாராமலே 'கண்டேன்' என்று எழுதினார். நகல் என்னிடம் இருக்கிறது.

பத்து மாதங்கள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று ஏழுக்கு, என் கண்ணெதிரே இரண்டு இணைப்புகளின் விளக்குகளும் ஒரே நொடியில் அணைந்தன. சர்வர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பேசத்தான் அதற்கு வழியில்லை. என் கை மஞ்சள் கேபிளை அழுத்தி அழுத்திப் பார்த்தது. ஒன்று அணையலாம். இரண்டும் எப்படி அணையும்? அறுவை அரங்கில் ஒரு பெண்ணுக்கு உடனே ரத்தம் தேவைப்பட்டது. பரிசோதனைக்கூட அண்ணன் குளிர்பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, பை பையாகச் சீட்டைப் படித்து எடுத்துக்கொண்டு ஓடினார். அந்தப் பெண் பிழைத்தார். மருத்துவமனை எலக்ட்ரீஷியன் தரையோடு ஒரு தற்காலிகக் கேபிளை இழுத்து இணைப்பு வந்தபோது ஒரு மணி நாற்பது நிமிடம் கடந்திருந்தது.

பிற்பகலிலேயே என் மேசைக்கு ஆணை வந்தது. 'உரிய கல்வித் தகுதியற்றவர் செய்த தவறான அமைப்பு. சோதனை அறிக்கை புனையப்பட்டதாகக் கருத இடமுண்டு. வெள்ளிக்கிழமை விசாரணை வரை பணியிடை நீக்கம்.' தவறு என்று எழுதியிருந்தால் தாங்கியிருப்பேன். புனைந்தேன் என்றால்? அந்தச் சொல்லோடு வெளியேறினால் வேறெங்கும் எனக்கு வேலை கிடைக்காது.

மறுநாள் காலை சாவிகளை ஒப்படைக்கச் சென்றேன். மாடிப்படியில் சுண்ணாம்புத் தூள் சிந்திக் கிடந்தது. தீயணைப்புக் கருவியை மாட்டுவதற்காக முந்தின நாள் சுவரில் துளை போட்டிருந்தார்கள். துளைக்குள் நீலக் கேபிள் அறுந்து தெரிந்தது. அதையொட்டி மஞ்சளும் அறுந்து தெரிந்தது.

குழாயின் மூடியைக் கழற்றினேன். பின்சுவரில் இருக்க வேண்டிய மஞ்சள் கேபிள் நீலத்தோடு தோளுரசிப் படுத்திருந்தது. சாண் இடைவெளிக்கு ஒரு கட்டு. ஒவ்வொரு கட்டின் நறுக்கிய முனையும் சுவர்ப் பக்கம் திருப்பப்பட்டிருந்தது. அப்படிக் கட்டுபவர் ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். எட்டு போட்டோ எடுத்தேன்.

அக்கா வீட்டில் அத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முந்தின நாள் வேறொரு கட்டிடத்தில் வேலை செய்ததால் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. போட்டோவைக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சிதான் என்னை அடியோடு சாய்த்தது.

"பாத்துட்டியா? சொல்ல வேணாம்னு இருந்தேன். பின்னாடி சுவத்துல அது கொடி மாதிரி தொங்கிட்டு இருந்துச்சு பாப்பா. பாக்குறப்பல்லாம் பல்லுல நார் சிக்கின மாதிரி இருக்கும். ஒரு லீவு நாள்ல வந்து குழாய்க்குள்ள இழுத்துவிட்டேன். உனக்காகத்தான்."

"அத்தான், ஒரே துளையில ரெண்டும் அறுந்துடுச்சு. என்னை வேலையை விட்டு நிறுத்திட்டாங்க."

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. "ரெண்டு கேபிள் இருக்கே?"

"ரெண்டு கேபிள் இருந்தா போதாது. ரெண்டு வழி வேணும்."

"அதை நீ சொல்லவே இல்லையே."

சொல்லவில்லைதான். என் ஏழு பக்கங்களிலும் வழிகள் எங்கெங்கே செல்கின்றன என்று இருக்கிறது. ஏன் பிரிந்து செல்ல வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. எனக்கு அது சூரியன் கிழக்கே உதிப்பதைப் போன்ற செய்தி.

அக்கா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். "இந்தப் போட்டோவைக் குடுத்தா இவரு ஒப்பந்தம் போயிடும்ல?"

"போயிடும்க்கா."

"குடுக்கலன்னா நீ பொய் எழுதினவன்னு ஆயிடும்." பிறகு அத்தான் பக்கம் திரும்பி, "சாப்பிட்டு முடிங்க. வெள்ளிக்கிழமை நீங்களும் போய் உண்மையைச் சொல்லிட்டு வாங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை அத்தானும் நானும் சென்றபோது விசாரணை அறையில் நிர்வாக அதிகாரியும் தலைமை மருத்துவர் அம்மாவும் இருந்தனர். அறிக்கை, சர்வர் குறிப்பேடு, போட்டோக்கள், அத்தானின் வாக்குமூலம் ஆகியவற்றை வரிசையாக வைத்தேன். அதிகாரி கடைசித் தாளைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இவரு உங்களுக்கு என்ன வேணும்?"

"அக்கா வீட்டுக்காரர்."

"ஆக, அறிக்கையில கையெழுத்துப் போட்டதும் சொந்தக்காரர், பழியை ஏத்துக்கிறதும் சொந்தக்காரர். குடும்பமே உக்காந்து எழுதினீங்களோ?"

நான் வரிசையாக வைத்த தாள்கள் ஒரே கேள்வியில் குப்பையாகிவிட்டன.

தலைமை மருத்துவர் அம்மாதான் பேசினார். "தாள் பொய் சொல்லலாம், கேபிள் சொல்லாது. எலக்ட்ரீஷியன் நீலத்தைக் குழாயிலயும் மஞ்சளைப் பழையபடி பின்சுவத்துலயும் புதுசா இழுத்துக் குடுக்கட்டும். சர்வர்ல யாரும் கை வைக்க வேணாம். நீங்களே பிடுங்கிப் பாருங்க சார்."

மூன்று மணிக்கு இரண்டு வழிகளும் தயாராயின. நான் அறைக்கு வெளியே நிறுத்தப்பட்டேன். கண்ணாடி வழியே அதிகாரியும் திரையும் தெரிந்தன. அவர் நீலத்தைப் பிடுங்கினார். திரையில் ஒரு வரி தவறியது, மற்றவை ஓடின. மீண்டும் செருகிவிட்டு மஞ்சளைப் பிடுங்கினார். ஓடின. ஆறு முறை பிடுங்கினார். கடைசியில் கேபிள் முனையைக் கையில் பிடித்தபடி, வாய் சற்றுத் திறந்து, திரையைப் பார்த்தே நின்றார்.

திங்களன்று இரண்டு ஆணைகள் வந்தன. ஒன்று, 'தவறு நிரூபிக்கப்படவில்லை' என்று என்னைப் பணியில் சேர்த்தது. 'புனையப்பட்டது' என்ற சொல் கோப்பில் இன்னும் இருக்கிறது. அதை நீக்கக் கோரி எழுதியிருக்கிறேன், பதில் இல்லை. மற்றது அத்தானின் ஒப்பந்தத்தை முடித்தது. இணைப்பாக வைத்திருந்தது நான் எடுத்த போட்டோ.

அன்று மாலை அவர் நுழைவு அட்டையை ஒப்படைக்க வந்தார். நான் எழுந்து நின்றேன். அவரே பேச்சைத் தொடங்கினார்.

"பாப்பா, அந்தப் போட்டோவுல எனக்கு ஒரு காப்பி போட்டுக் குடு."

"எதுக்கு அத்தான்?"

"வேற எடத்துல வேலை கேட்டா, செஞ்சதைக் காட்டுன்னு சொல்வாங்கல்ல?" ஆணையோடு இருந்த படத்தை வெளிச்சத்தில் பிடித்து, அறுந்த இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டார். "இதை விட்டுட்டுப் பாரு. எவ்வளவு நேரா இருக்கு!"