கார்புரேட்டர்காரி

பெட்ரோல் போகும் குட்டி ஜெட்டை வாயில் வைத்து ஊதுகிறாள். ஊதிவிட்டு ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிறாள். மயிரிழைத் துளையில் ஒரு பொட்டு வெளிச்சம் தெரிந்தால்தான் அடுத்த வேலை. புல் வெட்டும் இயந்திரமோ ஜெனரேட்டரோ, எது இருமினாலும் இந்தக் கடைக்குத்தான் வரும். தெருவுக்கே அவள் கார்புரேட்டர்காரி.

ஸ்க்ரூக்களோடு பேசுவாள். "வாடா ராசா, அடம் புடிக்காம வந்துடு." வராவிட்டால் திட்டு விழும். அவள் கையில் ஒரு மரை போனதாகச் சரித்திரமே இல்லை. அந்தப் பெருமை அவளுக்கும் கொஞ்சம் உண்டு. கொஞ்சமென்ன, நிறையவே உண்டு.

கடையில் துணைக்கு மாமனார். ஆயுசெல்லாம் லாரிக்கு டயர் மாட்டியவர். ஸ்பேனர் மேல் ஏறி நின்று நட்டை இறுக்கிய மனுஷர். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்ததும் துவண்டு போனார். "பெரிய நட்டெல்லாம் உங்களுக்கு, சின்ன ஸ்க்ரூவெல்லாம் எனக்கு" என்று பாகம் பிரித்து மருமகள்தான் கடைக்குக் கூட்டி வந்தாள்.

இன்று அவள் டீ வாங்கப் போன நேரத்தில் அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. மைதானத்தில் புல் வெட்டும் அக்காவின் கார்புரேட்டர் மேசைமேல் கிடந்தது. பெட்ரோல் தேங்கும் கிண்ணத்தை வைத்து நாலு ஸ்க்ரூவையும் அவரே முடுக்கினார். மூன்று பிடித்தது. நாலாவதற்கு இன்னும் ஒரு சுற்று கொடுத்தார். அலுமினியம் என்ன லாரிச் சக்கரமா? துளைக்குள் இருந்த மரை நூலாக உரிந்து வந்துவிட்டது.

திரும்பி வந்தவளிடம் அந்த வெள்ளை நூலை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். "உன் பேரைக் கெடுத்துட்டேம்மா. நாளையிலேருந்து நான் வீட்லயே கெடக்கேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. வந்த கோபம் வந்த வழியே போய்விட்டது.

"மரை கழண்டது கார்புரேட்டருக்குத்தானே, உங்களுக்கு இல்லையே! இங்க வாங்க மாமா, இதப் புடிங்க."

வைஸ் இடுக்கியில் கொடுத்து இறுக்கினால் நசுங்கிப்போகும் மெல்லிய வார்ப்பு அது. அவருடைய இரண்டு கைக்குள்ளும் கல் மாதிரி நின்றது. ஆழம் தெரிய ட்ரில் பிட்டில் டேப் சுற்றிக்கொண்டு, பழைய துளையைக் கொஞ்சம் பெரிதாக்கினாள். எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று புது மரை வெட்டினாள். தூளைக் கழுவிவிட்டு, கம்பிச் சுருள் ஒன்றை உள்ளே திருகி இறக்கினாள். பழைய ஸ்க்ரூவுக்கு இனி அந்தச் சுருள்தான் மரை.

பெட்ரோல் ஊற்றிப் பார்த்தார்கள். ஒரு சொட்டுக் கசியவில்லை. "அப்பாடா!" என்றார் மாமனார். ஆனாலும் முகம் தெளியவில்லை. வீட்டுக்குக் கிளம்ப, மேசைக்கு அடியில் காலால் செருப்பைத் தேடினார்.

அதற்குள் புல் வெட்டும் அக்கா வந்துவிட்டாள். "காலையிலயே தரேன்னியே, என்னாச்சு?"

"ஒரு ஸ்க்ரூ மரை போயிடுச்சுக்கா. சுருள் போட்டிருக்கேன். முன்னைவிட உறுதியா நிக்கும்."

"மரை போச்சா? உன் கடையிலயா! யாரு பண்ணின வேலை?"

மாமனார் தொண்டையைச் செருமினார்.

"என் கைதான்க்கா. ஏதோ ஞாபகத்துல ஒரு சுத்து அதிகமா முடுக்கிட்டேன்" என்றாள் கார்புரேட்டர்காரி, அக்காவின் முகத்தை நேராகப் பார்த்து.

"இல்லம்மா, அது வந்து..." என்று மாமனார் வாயெடுத்தார்.

மேசைக்கு அடியில் அவர் காலை நச்சென்று ஒரு மிதி மிதித்தாள்.