பின்கதவுப் பூட்டை உடைத்தவர்

ஜெயசீலன் அண்ணன் இங்கிலாந்தில் மாரடைப்பில் இறந்துவிட்டார் என்று அவர் மனைவி போனில் சொன்னபோது நான் வேலையில் இருந்தேன். அடக்கமும் அங்கேயேதானாம். அழுகைக்கு முன் எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற ஆசையும் எனக்கில்லை.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். குண்டடம் பக்கம் ஒரு சிற்றூரில் சபைப் போதகராக இருந்தவரின் மகன் அவர். அவருடைய அப்பா ஆராதனை நேரத்தில் ஆலயக் கதவைச் சாத்த விடமாட்டார். ஆடிக் காற்றில் மண் வந்து வேதப்புத்தகத்தின் மேல் விழுந்தாலும் சரி. “பிந்தி வர்றவங்க சாத்துன கதவைப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிரக் கூடாதுங்க” என்பாராம். மகனும் ஊழியத்துக்கு வருவார் என்று சபையார் எதிர்பார்த்தார்கள். அவரோ முதலிபாளையத்தில் எங்கள் பனியன் கம்பெனிக்குக் கட்டிங் மாஸ்டராக வந்து சேர்ந்தார். நான் அப்போது தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங்கில் புதுசு. “டீயைக் குடி அம்மிணி, பனியன் எங்கயும் ஓடிப் போகாது” என்பார்.

துணி திருட்டுப் போகிறது என்று கம்பெனியின் பின்கதவை எப்போதும் பூட்டியே வைப்பார்கள். ஒருநாள் காலை முன்வாசல் பக்கம் குவித்திருந்த வேஸ்ட் துணியில் தீப்பிடித்தது. பின்கதவுச் சாவி மேனேஜரிடம், மேனேஜரோ தூரத்தில், டவுனுக்குள் காதர்பேட்டையில். புகைக்குள் நாங்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்துகொண்டிருந்தபோது அண்ணன்தான் இரும்புக் கம்பியால் பூட்டை உடைத்தார். எல்லோரும் பிழைத்தோம். மறுநாள் அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கம்பெனிப் பொருளைச் சேதப்படுத்தினாராம்.

“என்னங்கண்ணா இது அநியாயம்” என்றேன்.

“இந்த ஊர்ல பூட்டுக்கு இருக்கிற மரியாதை ஆளுக்கு இல்ல அம்மிணி.”

பிறகு சொந்தக்காரர் ஒருவர் மூலம் வெளிநாடு போனார். கடைகளில் மூட்டை தூக்கி, படித்து, கடைசியில் நம்மூர்த் துணியை வாங்கும் ஒரு கம்பெனியில் ஆலைகளைச் சோதிக்கும் அதிகாரியானார். பல வருடம் கழித்து எங்கள் கம்பெனி வாசலிலேயே காரில் வந்து இறங்கினார். துரத்திவிட்ட அதே முதலாளி பொன்னாடை போர்த்தி, இளநீர் கொடுத்து, “நம்ம ஊட்டுப் பையன்தானுங்க இவரு” என்று கூட வந்தவர்களிடம் பெருமை பேசினார். என்ன வாய் அது.

அன்று பின்கதவு அகலத் திறந்திருந்தது. அதிகாரி வருகிறார் என்று அங்கே பெரிய கோலம் வேறு போட்டிருந்தார்கள். நூறு பேர் நடமாடும் வழி என்று சொல்லிக்கொண்ட இடத்தில் கோலம் ஒரு புள்ளிகூட அழியாமல் கிடந்தது. அண்ணன் அதைக் குனிந்து பார்த்தார்.

“கோலம் அழகா இருக்குதுங்க. பூட்டை எங்க வெச்சிருக்கீங்க?”

தாழ்ப்பாளைக் கழற்றும்வரை அண்ணன் அங்கிருந்து நகரவில்லை.

அதன்பின் போன் செய்யும்போதெல்லாம் அவருடைய முதல் கேள்வி, “கதவு திறந்திருக்குதா அம்மிணி?” என்பதுதான். ஒருமுறை சொன்னார்: “எங்கப்பா வெளிய நிக்கிறவங்களுக்காகத் திறந்து வெச்சாரு. நான் உள்ள இருக்கறவங்களுக்காகக் கேக்கறேன்.” போன வருடம் கம்பெனி வேறொரு வெளிநாட்டுக்காரரின் ஆர்டருக்கு மாறி, அண்ணனின் சோதனை இல்லாமல் போனதும் தாழ்ப்பாளும் பூட்டும் திரும்ப வந்தன. அங்கிருந்து அவர் எவ்வளவோ முறையிட்டார். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இப்போது அவர் இறந்ததும் இரங்கல் கூட்டமாம். “நம்ம கம்பெனி வளர்த்த புள்ளைதானுங்க அவரு” என்றார் முதலாளி. படம் மாட்டச் சுவரில் இடமில்லை, எங்கும் ரேக். புழக்கமில்லாத இடம் என்று பின்கதவில் மாட்டினார்கள். மாலை பூட்டின் மேல் தொங்கியது.

மௌன அஞ்சலிக்கு எல்லோரும் தலை குனிந்தார்கள். நான் போய் ஓர் இரும்புக் கம்பியை எடுத்து வந்தேன். படத்தைக் கழற்றிப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் பூட்டை அடித்தேன். அது விழுகிற வரை அடித்தேன்.

மறுநாள் என்னையும் நிறுத்தினார்கள். அதே காரணம். வீட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். புதுப் பூட்டு மாட்ட வந்தபோது பெண்கள் யாரும் மெஷினை ஓட்டவில்லையாம்; பூட்டு மாட்டாமலே திரும்பிவிட்டார்களாம். இப்போது சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் அந்த வழியாகத்தான் போய் வருகிறார்களாம்.

கதவு திறந்திருக்குதுங்கண்ணா. போயிட்டு வாங்க.