செத்தவர் வைத்த சவரப் பாக்கி

சலூன்காரருக்கு வாய் ஓடினால்தான் கத்திரி ஓடும். முன்பெல்லாம் பேச்சு சினிமாவைப் பற்றி. கொஞ்ச நாளாக நாட்டின் வெளிநாட்டுக் கடனைப் பற்றி. காரணம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அவர் மனைவி தெருக்கோடிப் பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். வட்டி கட்டியே அரசாங்கத்தின் கஜானா காலியாம், ஆஸ்பத்திரியை மூடப்போகிறார்கள். 'ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்' என்று பல நாடுகளில் சாதாரண ஜனங்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள், கடன் கொடுத்த நாடுகளிலும்கூட. அப்படி ஒரு தாள் சலூன் கண்ணாடியில், சீப்புக்குப் பக்கத்தில் தொங்கியது.

கழுத்தில் கத்தி இருக்கும்வரை யாரும் மறுத்துப் பேசுவதில்லை. எழுந்ததும் துண்டை உதறிவிட்டு, உங்கள் மாமனார் கையெழுத்துப் போட்டால் நாங்களும் போடுகிறோம் என்று நழுவிவிடுவார்கள்.

மாமனார் மாவு மில் வைத்திருப்பவர். தெருவில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. "வாங்கினா கட்டணும் மாப்பிள்ளை. நாடென்ன, வீடென்ன," என்று ஒரே அரைப்பாக அரைத்துவிட்டார்.

சலூன்காரருக்குக் கொஞ்சம் குறும்புப் புத்தி. ஒரு காலையில் மாமனாரை உட்காரவைத்து, முகம் நிறைய நுரை பூசிவிட்டு, பால் குடிக்கத் தெரியாத பூனை மாதிரி ஆரம்பித்தார்.

"மாமா, காலமான உங்க அப்பா இங்க சவரப் பாக்கி வெச்சிருக்கார். எங்க அப்பா காலத்துக் கணக்கு. வட்டியெல்லாம் சேந்து பெருசாயிடுச்சு."

யாரோ வைத்த பாக்கிக்கு நான் ஏன் கட்ட வேண்டும் என்று மனிதர் குதிப்பார், நாட்டுக் கடனும் அப்படித்தானே என்று அங்கேயே மடக்கிவிடலாம் என்பது திட்டம்.

மாமனார் குதிக்கவில்லை. நுரையோடு கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம், மில் கல்லாவை வழித்தெடுத்த மாவு படிந்த நோட்டுகளோடு வந்து நின்றார்.

"அப்பா பேர்ல பாக்கி நிக்கக் கூடாது." நோட்டுகளை நீட்டினார்.

போட்ட தூண்டில் போட்டவர் உதட்டிலேயே மாட்டிய கதை. சலூன்காரரால் அந்தப் பணத்தைத் தொட முடியவில்லை. உண்மையைக் கொட்டிவிட்டார்.

"பாக்கியே இல்ல மாமா. பெரியவர் காசை மொதல்ல வெச்சுட்டுத்தான் உக்காருவாராம். எங்க அப்பா சொல்வார்."

அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தார். மாமனார் நாற்காலியில் சாய்ந்து நிம்மதியாக மூச்சு விட்டார். அப்புறம்தான் யோசனை வந்தது.

"எதுக்கு, எப்போன்னு ஒரு வார்த்தை கேக்காம தூக்கிட்டு வந்துட்டேனே. ஆமா, நாட்டுக் கடன் எதுக்கு வாங்கினதாம்?"

"தெரியாது மாமா. நம்மகிட்ட யார் சொன்னா?"

"பேனாவைக் குடுங்க."

கையெழுத்துப் போட்டு, கீழே 'முதலில் கணக்கைக் காட்டுங்கள்' என்று கொட்டை எழுத்தில் எழுதினார். தாளில் அதற்கு இடமே கிடையாது. அடுத்து வந்தவர்களும் அதையே பார்த்து எழுதியதில் ஓரமெல்லாம் நிரம்பிவிட்டது. தாள் அப்படியே கடல் தாண்டி, கடன் கொடுத்தவர்களிடம் போனது.

நோட்டுகளை மாமனார் திருப்பி வாங்கவில்லை. முடி வெட்டியே கழித்துவிடச் சொல்லிவிட்டார். அந்தத் தலையில் மிச்சமிருக்கும் முடியைப் பார்த்தால், சலூன்காரர் ஏழு ஜென்மத்துக்கும் கடனாளி.

ஆஸ்பத்திரிக் கதவில் இன்னும் பூட்டு விழவில்லை. தினமும் காலையில் மனைவி தெருக்கோடிவரை நடப்பதைச் சலூன்காரர் வாசலில் நின்று பார்ப்பார். அவள் கேட்டுக்குள் நுழையும்வரை கத்திரியும் ஓடாது, வாயும் ஓடாது.