ஆணியில்லாத ஜன்னல்

ஒன்பது வயதில் ஒரு ஜன்னலைக் காரணம் காட்டி அத்தாவை ஊரிலேயே நிறுத்திவிடலாம் என்று நம்பினேன்.

அத்தா கத்தாரில் கட்டட வேலையில் இருந்தார். அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர் நேபாளத்துப் பக்தபூரிலிருந்து வந்த, நேவார் இனத்துத் தச்சர். எனக்கு அவர் நேபாள் மாமா. வெள்ளிக்கிழமைகளில் அத்தா வீடியோவில் பேசி முடித்ததும் மாமாவின் முகம் எட்டிப்பார்க்கும். “சாப்ட்டியா?” என்பார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். பிறகு தன் ஊர் அரண்மனையின் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டுவார். சிவப்புச் செங்கல் சுவரில் கறுத்த மர ஜன்னல்கள்; சட்டம் முழுக்க மயிலும் பாம்பும் கொடியும், நடுவில் மரப் பின்னல். அடுக்குக் கூரையைத் தாங்கும் சாய்வுக் கட்டைகளில் பல கைகளோடு சாமிகள். அவர் இந்தியில் சொல்லச் சொல்ல அத்தா தமிழில் சொல்வார். ராணிகள் அந்தப் பின்னல் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து திருவிழா பார்ப்பார்களாம். தெருவில் நிற்பவர்கள் கண்ணுக்கு அவர்கள் தெரியமாட்டார்களாம். சின்னச் சின்னத் துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்தே செய்வதாம். ஆணியும் கிடையாது, பசையும் கிடையாது. பூகம்பத்தில் அரண்மனையில் இடிந்ததைத் திரும்பக் கட்டுகிறார்கள், அந்த வேலைக்குப் போய்விட வேண்டும் என்பதுதான் எப்போதும் அவர் பேச்சு. கத்தாரில் அவருக்குக் கான்கிரீட் ஊற்றப் பலகை அடிக்கும் வேலை.

கத்தாருக்குப் போய் இரண்டு வருடம் கழித்து அத்தாவுக்கு ஒரு மாத விடுப்பு கிடைத்தது. காலண்டரில் முப்பது கட்டங்களுக்கு மஞ்சள் தீட்டி வைத்தேன். அவர் திண்டிவனத்தில் வந்து இறங்கியபோது ஒன்பது கட்டங்களே பாக்கி. “நடுவுல ஒரு வேலயா நேபாளம் போய்ட்டு வந்தேம்மா” என்றார். பெற்ற மகளை விட்டுவிட்டு அரண்மனை பார்க்கப் போயிருக்கிறார். நான் அவரோடு பேசவில்லை.

பெட்டியிலிருந்து இரண்டு சாண் அளவில் ஒரு பின்னல் ஜன்னலை எடுத்தார். “மாமா உனக்கோசரம் செஞ்சது.”

“எனக்கு ஒண்ணும் வாணாம்” என்று தட்டிவிட்டேன். தரையில் விழுந்து துண்டு துண்டாகக் கழன்று சிதறியது. அடிக்கப்போகிறார் என்று சுவரோரம் ஒதுங்கினேன். அவர் குனிந்து பொறுக்க ஆரம்பித்தார்.

அன்றிலிருந்து அதுவே அவருக்கு வேலை. பாயில் துண்டுகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். விழுப்புரத்தில் என் பெரியம்மா வீட்டு விருந்துக்குக்கூட வரவில்லை. “ஏங்க, புள்ளயோட பேசாம இத்தயே பாத்துக்கினு கீறீங்க?” என்று அம்மா கேட்டாள்.

“இத்த முடிக்காம நான் போகமாட்டேன்” என்றார்.

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். அவர் தொழப் போயிருந்தபோது ஒரு துண்டை எடுத்துப் பென்சில் டப்பாவில் ஒளித்துவைத்தேன். வந்தவர் பாயை உதறினார், பீரோவுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினார். பாவமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. கொஞ்ச நேரத்தில் நானும் பக்கத்தில் உட்கார்ந்து தேடினேன். அப்படித் தேடும்போதுதான் அவரோடு திரும்பப் பேச ஆரம்பித்தேன்.

ஒன்பதாம் நாள் பெட்டி கட்டிவிட்டார்.

“முடிக்காம போகமாட்டேன்னு சொன்னீங்களே?” என்று பஸ் ஸ்டாண்டில் கேட்டேன். பெட்டியைக் கீழே வைத்தார். நான் கையை விரித்துத் துண்டைக் காட்டினேன். அழுகை வந்துவிட்டது. அத்தா என் விரல்களை மூடினார்.

“நீயே வச்சிரும்மா. அடுத்த தபா ரெண்டு பேரும் சேந்து மாட்டிடலாம்.”

அவர் கண்ணும் கலங்கியிருந்தது. என்னால்தான் என்று நினைத்தேன்.

அந்த இருபத்தொரு நாள் எங்கே போயிற்று என்பதை நான் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் அம்மா சொன்னாள். அத்தா விடுப்பில் கத்தாரிலிருந்து புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, படுத்த நேபாள் மாமா எழுந்திருக்கவில்லை. சவப்பெட்டியோடு துணைக்குப் போக வேறு ஆள் இல்லை. அத்தாதான் பக்தபூர்வரை கொண்டுபோய்ச் சேர்த்து, காரியம் முடியும்வரை அவர் குடும்பத்தோடு இருந்துவிட்டு வந்திருக்கிறார்.

அன்றைக்கு இது எதுவும் எனக்குத் தெரியாது. அத்தா போன முதல் வெள்ளிக்கிழமை, வீடியோவில் அவருக்குப் பின்னால் இருந்த கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார். “நேபாள் மாமா எங்க அத்தா?” என்று கேட்டேன்.

“அவரு ஊருக்கே போய்ட்டாரும்மா.”

“அரண்மன வேல கெடச்சிடுச்சா?”

அத்தா தலையாட்டினார். மாமாவுக்கும் என் வயதில் ஒரு மகள் உண்டு. அவளுடைய அப்பா மட்டும் இனி எங்கேயும் போகாமல் அவளோடேயே இருப்பார் என்று, அந்த வாரம் முழுக்க அவள்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.